மேல் ஆணிக்கும் மேலே

காலை ஆறு மணி பத்து நிமிடம். பல் துலக்கிக்கொண்டே வீட்டின் மேற்குப் பக்கம் வந்தேன். முதலில் பார்த்தது பலகைச் சுவரில் மேலிருந்து கீழாக ஓடிய ஒரு கறுப்புக் கோடு. பிறகு இரண்டாவது தெரிந்தது. எண்ணிப் பார்த்தேன், ஏழு. ஏழும் ஆணி வரிசைகளின் மீதே இருந்தன. இரவு முழுவதும் மழை பெய்திருந்தது. வாயில் இருந்த நுரையைத் துப்பவும் மறந்து நின்றேன்.

அந்தச் சுவருக்கு வயது இருபது நாள்கூட ஆகவில்லை. கல்வராயன் மலையில் எங்கள் வீடு இருக்கும் சரிவில் சாரல் மேற்கிலிருந்துதான் அடிக்கும். செங்கல் சுவர் ஊறி, உள்ளே அலமாரித் துணியெல்லாம் பூஞ்சை பிடித்தது. அதனால் வெளிப்பக்கம் முழுவதும் பலகை அடிப்பது என்று முடிவு செய்தோம். கச்சிராயபாளையத்தில் ஒரு பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த வேங்கைப் பலகைகள். எவர்சில்வர் ஆணிதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவன் நான்.

கள்ளக்குறிச்சியில் ஹார்டுவேர் கடை வைத்திருந்த பாய் சிரித்தார். "இன்னா சார், செவுத்துக்கு நகை போடப் போறீங்களா? நாங்க நாலு ஊருக்கு இரும்பு ஆணிதான் குடுத்துக்கினு இருக்கோம்."

"துரு பிடிக்கக் கூடாது பாய்."

"அப்ப வெல ஜாஸ்திதான். சென்னையில சொல்லி வரவைக்கணும், ஒரு வாரம் ஆவும்."

ஒரு வாரம் கழித்து வந்த ஆணிகளின் தண்டில் நெருக்கமாக வளையங்கள் வெட்டியிருந்தன. பலகை வெயிலில் சுருங்கி மழையில் உப்பும்போது வழவழப்பான ஆணி மெல்ல வெளியே வந்துவிடும், இது பிடித்துக்கொள்ளும் என்றார் தச்சர். கருணாபுரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். வேங்கை வெடிக்கும் என்பதால் ஒவ்வொரு ஆணிக்கும் முதலில் துளை போட்டார். ஆணித் தலை பலகையைத் தொட்டதும் சுத்தியலை நிறுத்தினார். அதற்கு மேல் ஓர் அடி கூட அடிக்கவில்லை. பலகைக்குப் பின்னால் ஆணி இறங்க வேண்டிய மரச் சட்டங்களின் இடம் தெரிவதற்காக, மேல் விளிம்பிலிருந்து அடி வரை பென்சிலால் ஏழு கோடுகள் போட்டிருந்தார்.

"இந்தக் கோடு இப்படியே இருக்கட்டும் சார். கையில இருக்கிற வேலை ஒண்ணை முடிச்சிட்டு வந்து உப்புத்தாள் போட்டுத் தரேன்" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினார்.

மலையில் தங்கும் விடுதி கட்டிக்கொண்டிருந்த ஒருவர் அந்தச் சுவரைப் பார்க்க இரண்டு முறை வந்தார். விடுதி அறைகளுக்கெல்லாம் இதேபோல் பலகை அடிக்க வேண்டும், தச்சரிடமே மொத்தமாகக் கொடுக்கலாம் என்றிருந்தார். தினக்கூலிக்குப் போய்க்கொண்டிருந்த தச்சருக்குத் தன் பொறுப்பில் கிடைக்கவிருந்த முதல் வேலை அது. ஒரு மழை போகட்டும், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று விடுதிக்காரர் சொல்லியிருந்தார்.

அந்த மழைதான் பெய்திருந்தது. ஏழரை மணிக்கு விடுதிக்காரர் போன் செய்தார்.

"சுவர் எப்படி இருக்கு சார்?"

"கறுப்பா வழியுது. நல்ல ஆணியை எடுத்துக்கிட்டு இரும்பு ஆணியை அடிச்சிட்டார்னு நினைக்கிறேன்."

நினைக்கிறேன் என்ற சொல்லைச் சேர்த்தது எனக்கு நினைவிருக்கிறது. முப்பது ஆண்டு பத்திரிகையில் செய்தி திருத்தியவன். உறுதி இல்லாத இடத்தில் அந்தச் சொல்லைப் போட்டால் பாதுகாப்பு என்று பழகியிருந்தேன்.

மறுநாள் பதினொரு மணி பஸ்ஸில் தச்சர் வந்தார். பையைக் கீழே வைக்கவில்லை.

"ஆணிய நான் வித்துட்டேன்னு சொன்னீங்களாமே சார்."

நான் சுவரைக் காட்டினேன். அவர் கிட்டே போகாமல் சற்று நேரம் பார்த்தார். பிறகு ஏணியைச் சாய்த்து ஏறி, மேல் ஆணி ஒன்றைச் சுற்றித் துணி வைத்து நெம்பிப் பிடுங்கினார். இறங்கி வந்து என் உள்ளங்கையில் வைத்தார். தண்டின் வளையங்கள் எல்லாம் புதிதாகப் பளபளத்தன. ஒரு புள்ளி துருகூட இல்லை.

"இப்ப மேல பாருங்க. அந்த ஆணிக்கு மேலயும் ஒரு சாண் கறுப்பு ஏறியிருக்குது. மழத் தண்ணி கீழதானே சார் வழியும்? மேல எப்டி போச்சு?"

ஒரு நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருந்த சுவர். அந்த ஒரு சாண் கறுப்பு என் கண்ணில் படவில்லை.

"என் பென்சில் கோட்ட எதால தேச்சீங்க?"

அவர் வந்து உப்புத்தாள் போடும் வரை பொறுக்காமல், பெட்டிக்கடையில் வாங்கிய, பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரால் ஏழு கோடுகளையும் நானே அழுத்தித் தேய்த்திருந்தேன். சொன்னேன்.

அவர் பலகை இடுக்கில் நகத்தை விட்டு எதையோ இழுத்தார். முடி போன்ற ஒரு கம்பி இழை, முழுவதும் துரு.

"வேங்கையில ஈரத்தோட இரும்பு பட்டா மசி மாதிரி கறுத்துடும். அதுக்குத்தானே சார் இவ்ளோ தூரம் ஸ்டீல் ஆணி தேடினீங்க?"

குரலில் கோபம் இல்லை. என் கையில் இருந்த ஆணியை எடுத்து, மறுபடி ஏறி அதே துளையில் வைத்து அடித்தார். நான் அவர் முன்னாலேயே விடுதிக்காரருக்குப் போன் செய்து, தவறு என்னுடையது என்றேன். நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"நேத்தே வேற ஆளுக்குச் சொல்லிட்டேனே சார்" என்றார் அவர். "பேப்பர்ல இருந்தவரு, விசாரிக்காம சொல்ல மாட்டீங்கன்னு நெனச்சேன்."

போனில் அவர் சொன்னது தச்சருக்கும் கேட்டது. தச்சர் ஏணியை எடுத்துச் சுவரின் ஓரத்தில் சாய்த்து வைத்தார். பையிலிருந்து உப்புத்தாளை எடுத்து முதல் கோட்டைத் தேய்க்கத் தொடங்கினார். டீ போட்டு வந்து கொடுத்தேன், வாங்கிக் குடித்தார். நான் பேச ஆரம்பித்தபோது, "தூசு பறக்குது, தள்ளி நில்லுங்க சார்" என்றார். ஏழு கோடுகளும் போக மாலை நான்கு மணி ஆனது.

திங்கட்கிழமை விடுதியில் பலகை வேலை தொடங்கியது. சேலத்திலிருந்து நான்கு பேர் வந்திருந்தார்கள்.