எல்லாக் கேள்விக்கும் ‘இல்லை’

எங்கள் கம்பெனி இனிமேல் பாலிசிப் பத்திரத்தைத் தமிழிலும் தரப்போகிறது என்று கடலூர் கிளையில் மீட்டிங் போட்டுச் சொன்ன அன்று எல்லோரும் கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. எனக்கு எரிச்சலாக வந்தது. இருபது வருஷமாகக் கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் நடுவே பைக்கில் அலைந்து இன்சூரன்ஸ் விற்கிற ஆள் நான். பத்திரம் இங்கிலீஷில் இருப்பது எவ்வளவு பெரிய சவுகரியம் என்று எனக்குத்தான் தெரியும். யாரும் படிக்க மாட்டார்கள். படிக்காதவரை சந்தேகம் வராது. சந்தேகம் வராதவரை என் மத்தியானத் தூக்கம் கெடாது.

வேலை நடக்கிற லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். மெடிக்கல் பாலிசி எடுக்க ஒரு ஃபாரம் உண்டு. அதில் ஒரு பக்கம் முழுக்க நோய் பற்றிய கேள்விகள். சர்க்கரை உண்டா, ரத்தக்கொதிப்பு உண்டா, மூச்சிரைப்பு உண்டா, ஆபரேஷன் ஆகியிருக்கிறதா என்று நீளும். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘ஆம்’, ‘இல்லை’ என்று இரண்டு கட்டம். வாடிக்கையாளரிடம் ஒவ்வொன்றாகக் கேட்டு டிக் அடிக்க வேண்டும் என்பது விதி. யார் கேட்டது? பேனாவைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை ‘இல்லை’தான். கண்ணை மூடிக்கொண்டே போடுவேன். ஒரே ஒரு ‘ஆம்’ போட்டால் போதும், டெஸ்ட் எடு, ரிப்போர்ட் கொடு என்று மாதக்கணக்கில் இழுக்கும். அதற்குள் ஆள் வேறு ஏஜெண்டிடம் போய்விடுவார்.

தமிழ்ப் பத்திரம் வந்தது. நான் பயந்த மாதிரி ஒன்றும் நடக்கவில்லை. பிச்சாவரத்தில் படகு ஓட்டுகிற ஒருவர் வாங்கிப் புரட்டிப் பார்த்து, "தமிழ்லயா வந்துருக்கு? பரவால்லியே" என்று சொல்லி பீரோவில் வைத்துப் பூட்டினார். மேல்பட்டாம்பாக்கத்தில் ஒருவர் சாமி படத்துக்குப் பின்னால் செருகினார். அப்பாடா என்று இருந்தேன். அப்போதுதான் பரங்கிப்பேட்டையிலிருந்து போன் வந்தது.

என்னோடு சிதம்பரத்தில் காலேஜ் படித்தவன் வீடு அது. அவன் இப்போது துபாயில் வேலை பார்க்கிறான். காலேஜ் நாளிலிருந்தே என்னை மச்சான் என்றுதான் கூப்பிடுவான். அந்த முறைக்கு அவன் மனைவிக்கு நான் அண்ணன். ஊரில் இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு அவள் ஒண்டியாகக் குடும்பம் நடத்துகிறாள். போன முறை லீவில் வந்தபோது அவன், "மச்சான், இவளுக்கு ஒடம்புக்கு ஒண்ணுன்னா நான் அங்கேருந்து ஓடியாரவா முடியும்? நீ பாத்து ஒரு பாலிசி போட்டுக் குடு" என்றான். போட்டுக் கொடுத்தேன். பத்திரம் அவள் கைக்குப் போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது.

"அண்ணே, ஒரு எட்டு வந்துட்டுப் போங்க. புக்குல கொஞ்சம் சந்தேகம்" என்றாள்.

போனேன். கூடத்தில் பாய் விரித்து அக்கம்பக்கத்துப் பெண்கள் ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பத்திரம். வெள்ளிக்கிழமை மத்தியானம் தொழுகை முடிந்து கூடி மார்க்கப் புத்தகம் வாசிப்பது அவர்கள் வழக்கம். ஒருத்தி வாசிக்க மற்றவர்கள் கேட்பார்கள். அந்த வாரம் கையில் இருந்த புத்தகம் முடிந்துபோனதால் நான் போட்ட பாலிசியை எடுத்து வாசித்திருக்கிறார்கள். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை, ஒரு வரி விடாமல். இருபது வருஷத்தில் நான்கூட அதை முழுசாகப் படித்ததில்லை.

எனக்குப் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இறால் வடையும் டீயும் கொடுத்து, விசாரணையை ஆரம்பித்தார்கள்.

"காத்திருப்புக் காலம்னு போட்டுருக்கே, யாரு காத்திருக்கணும்? நாமளா அவுங்களா?"

"ரூம்பு வாடகைக்கு மேல ஆனா நம்ம தலையிலயா கட்டுவாங்க?"

இரண்டாவது வடையைக் கடித்துக்கொண்டே வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். அப்போது நண்பனின் மனைவி, ஃபாரத்தில் போட்ட பதில்களை அச்சடித்திருக்கிற பக்கத்துக்குப் புரட்டினாள்.

"அண்ணே, இதுல எனக்கு சர்க்கரை நோய் இல்லைன்னு இருக்கு. எனக்குத்தான் நாலு வருஷமா சுகர் இருக்கே. உங்ககிட்ட சொன்னேனே. மாத்திரையக்கூட எடுத்துக் காட்டினேனே?"

காட்டினாள், உண்மைதான். மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்து, "இனிப்பைக் குறைச்சுக்கம்மா" என்று அக்கறையாகச் சொல்லிவிட்டு ‘இல்லை’யில் டிக் அடித்த மகராசன் நான்.

"அது கம்ப்யூட்டர்ல தானா விழறதும்மா" என்றேன்.

"எனக்கு சுகர் இல்லைன்னு கம்ப்யூட்டருக்கு யாருண்ணே சொன்னது?"

கூடமே சிரித்தது. திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி உட்கார்ந்திருந்தேன். பத்திரத்தை வாசித்த பெண் மட்டும் சிரிக்காமல், "இது இப்புடியே இருந்தா என்னா ஆவும்?" என்று கேட்டாள்.

அதற்கு மேல் பொய் சொல்ல வாய் வரவில்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்தால் முதலில் சுகர்தான் பார்ப்பார்கள். கம்பெனி பழைய மருந்துச் சீட்டைக் கேட்கும். நாலு வருஷமாக மாத்திரை என்று தெரிந்ததும், நீங்கள் மறைத்துவிட்டீர்கள் என்று கையை விரித்துவிடும் என்றேன். சொல்லும்போதே திருவதிகையில் இருக்கும் ஒருவர் ஞாபகத்துக்கு வந்தார். அவருக்கு அப்படித்தான் நடந்தது. நெஞ்சுவலி என்று சேர்த்தார்கள், கிளைம் திரும்பி வந்துவிட்டது. நான் அவர் வீட்டில் போய் உட்கார்ந்து கம்பெனிக்காரனைக் கண்டபடி திட்டினேன். எல்லாம் இங்கிலீஷ் ரூலு, நமக்கு எங்கே புரிகிறது என்று அலுத்துக்கொண்டேன். அந்த வீட்டம்மா எனக்கு மோர் கொடுத்து அனுப்பினார். ரத்தக்கொதிப்புக்கு நேரே ‘இல்லை’ போட்டது என் கைதான் என்று அவர்கள் இரண்டு பேருக்கும் இன்றுவரை தெரியாது. பரங்கிப்பேட்டையில் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் அதற்காக முதல்முறை வெட்கப்பட்டேன்.

"நான் எதையும் மறைக்கலியே அண்ணே" என்றாள் அவள். குரல் இறங்கிவிட்டது. "நாளைக்கே என்னை ஆஸ்பத்திரியில போட்டா, இந்தப் புள்ளைங்களை வச்சுக்கிட்டு நான் யார்கிட்ட போய் நிப்பேன்?"

பத்திரம் கிடைத்து முப்பது நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் திருத்த வழி உண்டு. இருபது நாள் பாக்கி இருந்தது. மறுநாளே இங்கிலீஷில் ஒரு கடிதம் தயார் பண்ணினேன். படிவம் நிரப்புகையில் கவனக்குறைவால் ஒரு விவரம் விடுபட்டுப் போனது என்கிற மாதிரி, யார் தலையும் உருளாமல் வெகு அழகாக அமைந்திருந்தது. அவள் கையெழுத்துக்காக எடுத்துப் போனேன்.

"தமிழ்ல எழுதிக் குடுங்கண்ணே. படிச்சுட்டுப் போடறேன்" என்றாள்.

சுள்ளென்று கோபம் வந்தது. அண்ணன்மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்க வாயெடுத்து, கேட்கிற முகம் எனக்கு இல்லை என்று அடக்கிக்கொண்டேன். வெள்ளைத்தாள் வாங்கி அங்கேயே எழுத உட்கார்ந்தேன். ‘விவரம் விடுபட்டுவிட்டது’ என்று எழுதினேன். யார் விட்டது என்று கேட்பாள். அடித்தேன். ‘தவறுதலாக’ என்று ஆரம்பித்தேன். அதுவும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான். மூன்று தாள் வீணாகி நாலாவதில் இரண்டே வரி வந்தது: ‘இவர் தமக்குச் சர்க்கரை நோய் இருப்பதை என்னிடம் சொன்னார். தெரிந்தும் நான் இல்லை என்று போட்டுவிட்டேன்.’ கீழே என் கையெழுத்தை முதலில் போட்டேன். அவள் இரண்டு தடவை வாசித்தாள். பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டாள்.

கடிதத்தைப் பார்த்த கிளை மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார். "யாராவது இப்படி எழுதிக் குடுப்பாங்களா சார்? லைசென்ஸ் போனா என்ன பண்ணுவீங்க?" என்றார். போனால் போகட்டும் என்று வீரமாகச் சொல்ல ஆசைதான். "பாத்துச் செய்ங்க சார்" என்றுதான் சொன்னேன். நல்லவேளையாக ஓர் எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டார்கள். அது மட்டும் இங்கிலீஷில் இருந்தது.

கம்பெனி அவளை டெஸ்டுக்கு அனுப்பியது. ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டுப் பாலிசியைத் திருத்திக் கொடுத்தது. பத்திரம் கைக்கு வந்ததும் போனில், "சர்க்கரை நோய், ஆம்" என்று எனக்கு உரக்க வாசித்துக் காட்டினாள். பிரீமியம் கொஞ்சம் ஏறியிருந்தது. அதற்கும் என்னைத்தான் திட்டினாள். சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே துபாயிலிருந்து அவன் கூப்பிட்டு, "என்னா மச்சான், என் பொண்டாட்டிகிட்ட வசமா மாட்டினியா?" என்று விழுந்து விழுந்து சிரித்தான்.

அடுத்த வாரம் மறுபடி அழைப்பு வந்தது. "வெள்ளிக்கிழமை வாங்கண்ணே. இங்க எல்லாருக்கும் பாலிசி வேணுமாம். ஆனா கேள்விய நீங்க வாசிக்கணும். ஒண்ணு விடக் கூடாது."

வாசித்தேன். தொண்டை கட்டிவிட்டது. பள்ளிவாசலில் சாயங்காலத் தொழுகைக்கு அஸர் பாங்கு சொல்கிற நேரத்துக்கு முதல் ஃபாரத்தில்தான் நின்றுகொண்டிருந்தோம். மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டதும் என் எதிரே உட்கார்ந்திருந்த பெண் மற்றவர்கள் முகத்தைப் பார்த்தாள்.

"இருக்குன்னு சொன்னா பாலிசி தர மாட்டாங்களா?"

"டெஸ்ட் எடுக்கச் சொல்லுவாங்கம்மா. லேட்டாவும். ஜாஸ்தி கட்டச் சொன்னாலும் சொல்லுவாங்க. ஆனா நாளைக்கு உன்னை யாரும் மறைச்சேன்னு சொல்ல முடியாது."

"மாடி ஏறினா இளைக்குது" என்றாள் மெதுவாக.

"நாங்க என்னமோ பாக்காத மாதிரி! எழுதுங்கண்ணே" என்று மற்றவர்கள் சிரித்தார்கள். கூச்சத்தோடு அவளும் சிரித்தாள்.

இருபது வருஷத்தில் என் கையால் நான் போட்ட முதல் ‘ஆம்’ அது. கட்டம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று கொஞ்சம் தேட வேண்டியிருந்தது.