துணியை விட்டு இறங்காதே

வெள்ளிக்கிழமை காலை கடையைத் திறந்துகொண்டிருந்தேன். பக்கத்துத் துணிக்கடை சேட் ஓடி வந்தார். "அரே மாணிக்கம், நம்ம ஹவில்தார் பூட்டாருப்பா!" பூட்டும் கையுமாக அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டேன். இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் மர்பி டவுன்காரர்களே, உங்களுக்கு அவர் பதக்கம் வாங்கிய ஞானமுத்து. எனக்கு அவர் கொடுத்த உயிர் இது.

காஷ்மீர்ப் போர்முனையில், டாங்கிகளுக்கு முன்னால் குப்புறப் படுத்து ஊர்ந்து, கண்ணிவெடிகளைத் தோண்டியெடுத்து வழி செய்தவர் அவர். இடக்கையில் இரண்டு விரல்கள் போயின. வீரப் பதக்கம் வந்தது. வெடி நீக்கிய வழியில் வெள்ளை நாடா விரித்துக்கொண்டே போவார்களாம். பின்னால் வருகிறவர்கள் அதை விட்டு விலகக் கூடாதாம். "பயமா இல்லியாண்ணே?" என்று யார் கேட்டாலும், "ரொம்ப பயம்பா" என்பார். என் வாய் சும்மா இருக்குமா? "பயந்தவருக்குப் போயி பதக்கம் குத்திட்டாங்களே!" என்றேன். டீக்கடையே சிரித்தது. அவரும் சேர்ந்து சிரித்தார்.

பெங்களூர் சிவாஜிநகரில் எனக்குப் பழைய இரும்புக் கடை. ராணுவம் சுட்டுப் பழகும் மைதானத்தில் பொறுக்கிய குண்டு ஓடுகள் மூட்டையாக வரும். அவற்றின் பித்தளை மூடியைக் கழற்றித் தனியே விற்போம். ஒருநாள் மூட்டையைத் தரையில் கொட்டி, ஒன்றை வைஸ் என்கிற இரும்புப் பிடிப்பானில் இறுக்கி, உளி வைத்து மூன்று அடி அடித்தேன். அது வெடிக்காத குண்டு என்று இந்த மகா புத்திசாலிக்குத் தெரியவில்லை. நான்காவது அடிக்குக் கை ஓங்கியபோது வாசலில் ஹவில்தாரின் சைக்கிள் நின்றது.

"மாணிக்கம், அடிக்காத. சுத்தியலக் கீழயும் போடாத. கையிலயே வெச்சுக்க." அதட்டல் இல்லை, விலை விசாரிப்பது போன்ற குரல். ஓங்கிய கையோடு நின்றேன். அவரோ தெருவைக் காலி செய்து ராணுவத்துக்குத் தகவல் கொடுக்கச் சொன்னார், சேட் கடையிலிருந்து வெள்ளைத் துணிச் சுருள் ஒன்றை உருவிக்கொண்டு வந்தார். தரையில் கிடந்த ஒவ்வொரு ஓட்டையும் குனிந்து பார்த்துத் தள்ளி வைத்தபடி, பின்னால் துணியை விரித்துக்கொண்டே என்னிடம் வந்து சேர்ந்தார்.

நான் அடித்த அடியில் வைஸ் தளர்ந்திருந்தது. குண்டு கீழே விழாதபடி தம் எட்டு விரல்களால் தாங்கிக்கொண்டார். "துணியை விட்டு இறங்காத, போ" என்றார். போனேன்! ராணுவ லாரி வர ஒரு மணி நேரம். அதுவரை அவர் பிடித்த பிடியை விடவில்லை. "மாணிக்கம், எனக்கு ஒரு டீ சொல்லி வைய்யி!" என்று உள்ளேயிருந்து சத்தம் வேறு!

ராணுவத்தார் குண்டை எடுத்துப் போனபின் டீ குடிக்கும்போது, "பயமா இருந்துச்சாண்ணே?" என்று கேட்டேன். இந்த முறை கிண்டல் இல்லை.

"ரொம்ப பயம்பா. நீ துணிய வுட்டு எறங்கிடுவியோன்னு."

அந்தத் துணி என்னிடம் இருக்கிறது. சேட் திருப்பிக் கேட்கவில்லை, நானும் துவைக்கவில்லை. அதில் கரி படிந்த ஏழு வெறுங்கால் தடங்கள். ஏழும் என்னுடையவை. அவர் நடந்து வந்தபோது அங்கே துணி இல்லை.