சகுந்தலாவின் மூன்றடி பால்கனி

பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பின் டிராயிங் செக்‌ஷனில் முப்பத்திரண்டு வருஷம் இருந்தவள் சகுந்தலா. அவள் ஒரு கோடு போட்டால், அப்புறம் யாரும் அதன்மேல் ஸ்கேல் வைத்துப் பார்ப்பதில்லை. ரிட்டயரான பிறகும் கைப்பையில் டேப் கிடக்கும். காய்கறிக் கடையில் புடலங்காயை அளந்து பார்த்தாள் என்று கணவர் ரெங்கநாதன் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பார். அது பொய். அளந்தது முருங்கைக்காய்.

ஸ்ரீரங்கத்தில் சித்திரை வீதியில் அவர்கள் வீடு. கல்யாணமாகி அங்கே வந்த புதிதில், ஒருநாள் சாப்பாட்டு இடைவேளையில், டிரேசிங் தாளில் ஊரை வரைந்து பார்த்தாள். கோயிலைச் சுற்றி மதில், அதைச் சுற்றித் தெரு, தெருவைச் சுற்றி மறுபடி மதில். ஒன்றுக்குள் ஒன்றாக ஏழு கட்டம். இரண்டு கோடுகளுக்கு நடுவே பென்சிலால் ஒரு புள்ளி வைத்தாள். அதுதான் அவள் சமையலறை. தன் தோசைக்கல் காய்கிற இடமும் கோயிலின் படத்துக்குள்தான் இருக்கிறது என்று தெரிந்தபோது அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. யாரோ ஒருவர், எத்தனையோ நூறு வருஷத்துக்கு முன்னால், பெருமாள் எங்கே இருப்பார் என்பதோடு விடாமல், துணி உலர்த்துகிறவள் எங்கே நிற்பாள், பால் வாங்கப் போகிறவன் எந்தப் பக்கம் திரும்புவான் என்பதையும் சேர்த்து யோசித்திருக்கிறார். ஒரு படத்துக்குள் அத்தனை பேரைக் கொண்டுவருவது லேசான காரியமில்லை என்று அவளுக்குத் தெரியும். அந்தத் தாள் இன்னமும் பீரோவில் இருக்கிறது.

ரெங்கநாதன் ரயில்வே கார்டாக இருந்தவர். எந்த ஊரில் டியூட்டி என்றாலும் சித்திரைத் தேரன்று லீவு போட்டுவிட்டு வந்து வடம் பிடிப்பார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்தது. போன வருஷம் சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்த்தி வைத்தார்கள். கூட்டம் அப்பிக்கொண்டு முன்னால் நின்றது.

“நல்ல தரிசனம் சகு. நாப்பது முதுகு பார்த்தேன்” என்றார்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

மெல்போர்னில் இருக்கும் மகன் சித்தார்த் போனில் கவலைப்பட்டான். “பேசாம தில்லைநகர்ல லிப்ட் வச்ச பிளாட்டா பார்த்துப் போயிடுங்கம்மா.”

“லிப்ட் வரும்டா. தேர் வருமா?” என்றாள் சகுந்தலா.

மாடியறைக்கு வெளியே ஒரு பால்கனி போடுவது என்று முடிவு செய்தாள். நாற்காலியோடு தூக்கிக்கொண்டுபோய் அங்கே விட்டால், கூட்டத்துக்கு மேலே, தேருக்கு நேர் எதிரே அவர் இருப்பார். தேர்முட்டிக்குப் போய், நின்றிருந்த தேரின் அகலத்தை மூன்று தரம் அளந்தாள். தெருவை அளந்தாள். வீட்டுச் சுவருக்கும் தேருக்கும் நடுவே நாலரை அடி கிடைத்தது. பால்கனிக்கு மூன்றடி; மீதி ஒன்றரை அடி இடைவெளி.

முசிறியிலிருந்து வந்த கொத்தனார் சின்னையன் தலையைச் சொறிந்தார். “எதுக்கும் ரெண்டடியோட நிறுத்திக்கலாம்மா.”

“நாற்காலி திரும்ப வேணாமா? கணக்கு சரியா இருக்கு. நீங்க சென்ட்ரிங் அடிங்க.”

மாசியில் பால்கனி முடிந்தது. தேருக்குப் பத்து நாள் இருக்கும்போது, வருஷாவருஷம் குறுக்கே போகிற மின்கம்பிகளை அவிழ்க்க வருகிற லைன்மேன் நஸ்ருல்லா வீதியைப் பார்வையிட வந்தார். ஏணியைத் தோளில் வைத்தபடி மேலே பார்த்தார்.

“இது புதுசாம்மா?”

“ஆமாங்க. தேருக்கு ஒன்றரை அடி விட்டுத்தான் போட்டிருக்கேன்.”

“எந்தத் தேருக்கு?”

“என்னங்க கேள்வி இது? தேர்முட்டியில நிக்கிற தேருக்குத்தான்.”

“அங்க நிக்கிறது வெறும் மரம்மா. மூங்கில் கட்டி, சீலை சுத்தி, துணிக்குழாயா தொம்பை தொங்கவிட்டா மாடி உசரத்துல ரெண்டு பக்கமும் விரிஞ்சிரும். நான் கம்பி அவுக்கிறதே அதுக்குத்தானே?”

முப்பது வருஷத்துக்கு மேல் அலங்காரத்தோடு பார்த்த தேர். அளக்கப்போன அன்றைக்கு மட்டும் சகுந்தலாவின் கண்ணுக்கு மரம்தான் தெரிந்திருக்கிறது. ஓட்டமும் நடையுமாகத் தேர்முட்டிக்குப் போனாள். ஒரு பக்கம் மூங்கில் கட்டி முடித்திருந்தார்கள். மேலே இருந்த ஆளிடம் டேப்பின் நுனியைக் கொடுத்தாள். மரத்தைத் தாண்டி மூன்றடி. ஆக, தேர் வந்தால் அவள் பால்கனிக்குள் ஒன்றரை அடி நுழையும்.

எதிர்வீட்டு அமிர்தம் ஆறுதல் சொன்னாள். “அந்தப் பக்கம் கொஞ்சம் ஒதுக்கி இழுக்கச் சொன்னாப் போச்சு. பாவம், அவருக்காகத்தானே கட்டினே? யாரு கேக்கப்போறா?”

யாரும் கேட்கவில்லைதான். அதுதான் சகுந்தலாவை உறுத்தியது. தேர் தன் முழு உடுப்போடு போகட்டும் என்று அந்த யாரோ ஒருவர் விட்டுவைத்த இடம். அதில் ஒரு நாற்காலிக்கு அவள் பட்டா போட்டுக்கொண்டாள். ஆனால் இதை இடித்தால் அவர் மறுபடியும் முதுகுகளைத்தான் பார்க்க வேண்டும். இரண்டு நாள் மாடிக்கும் வாசலுக்குமாக நடந்தாள். மூன்றாம் நாள் காலை, காபியை ஆற்றிக் கொடுக்கும்போது சொன்னாள்.

“எவ்வளவு தப்பு?” என்றார் ரெங்கநாதன்.

“ஒன்றரை அடி.”

கோணிய வாயால் அவர் சிரித்தார். “முப்பத்திரண்டு வருஷத்துல முதல் தப்பு. அதையும் கான்கிரீட்ல போட்டிருக்கே.”

“இடிச்சிடட்டுமாங்க?”

“வடம் பிடிச்சவன்கிட்ட கேக்கற கேள்வியா இது? ஓடுற தேர் எதுலயாவது மாட்டி நின்னா, முன்னாடி இருக்கிறவன் கை என்னாகும்னு எனக்குத் தெரியும். சின்னையனுக்குப் போன் போடு.”

சின்னையன் வந்ததும் வராததுமாக ஆரம்பித்தார். “நான் அப்பவே சொன்னேன், ரெண்டடின்னு...”

“ரெண்டடி போட்டிருந்தாலும் இடிச்சுத்தான் ஆகணும். சுத்தியலை எடுங்க.”

ஒன்றரை நாளில் பால்கனி போய்விட்டது. சுவரும் அதிலிருந்த கதவும் மட்டும் மிஞ்சின. அந்தரத்தில் திறக்கிற கதவு. குறுக்கே இரண்டு இரும்புக் குழாய்களைப் பொருத்திவிட்டுப் போனார் சின்னையன்.

தேரன்று காலை தெருப் பையன்கள் நான்கு பேர் நாற்காலியைத் தூக்கினார்கள். “நாலு பேரா? இப்பவேவாடா?” என்று ரெங்கநாதன் கேட்டதில், சிரிப்புத் தாங்காமல் பாதிப் படியில் இறக்கி வைத்துவிட்டு மறுபடி தூக்கினார்கள். கதவைத் திறந்து, குழாய்களை ஒட்டி அவரை உட்கார்த்தினாள் சகுந்தலா. கீழே ஒரே தலைகள். “ரெங்கா, ரெங்கா” என்ற சத்தம் தெருமுனையில் திரும்பியது.

முதலில் வடம் வந்தது. அதைப் பிடித்திருந்த கைகளையே ரெங்கநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் வெளிச்சம் குறைந்தது. வாசலை முழுவதுமாக மறைத்துக்கொண்டு தேர் வந்து, முட்டுக்கட்டை போட, சற்றே நின்றது. எதிரே, கண் மட்டத்தில், மாலைகளுக்கு நடுவே நம்பெருமாள். காற்றில் ஒரு தொம்பை ஆடி வந்து குழாயைத் தொட்டுவிட்டுப் போனது. மாடியறை பூவும் கற்பூரமுமாக மணத்தது. ரெங்கநாதன் வலது கையைக் குழாய்க்கு மேலே நீட்டினார். விரல் நுனியில் சீலை பட்டது.

“சகு,” என்றார். “எவ்வளவு இருக்கு பாரு.”

டேப் இருந்த கைப்பை கட்டிலில் கிடந்தது. சகுந்தலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர் கைக்குப் பக்கத்தில் தன் கையையும் நீட்டினாள்.

“எட்டுதுங்க” என்றாள்.