கயிறு இல்லாத கை

ஏகாம்பரம் குடியை விட்டதெல்லாம் கயிற்றால்தான். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் மெஷின் ஓட்டுகிறவன், வேலையில் ஒரு குறை சொல்ல முடியாது. சாயங்காலமானால்தான் ஆள் மாறிவிடுவான். மனைவி வசந்தா அழுது ஓய்ந்ததும் படவேட்டம்மன் கோயிலுக்குப் போவான். பூசாரி ஜம்புலிங்கம் சிவப்புக் கயிற்றை அம்மன் காலடியில் வைத்தெடுத்து, மூன்று மாதமோ ஆறு மாதமோ கெடு சொல்லி வலது மணிக்கட்டில் கட்டுவார். கெடுவுக்குள் குடித்தால் ரத்தம் கக்கிச் சாவான் என்பது ஊர் நம்பிக்கை. ஏகாம்பரமும் நம்பினான். ஆனால் கெடு முடிகிற நாளைச் சம்பள நாளைவிட ஆசையாக எதிர்பார்ப்பான். அன்று கயிற்றை அவிழ்த்துக் கோயில் வேப்பமரத்தில் கட்டிவிட்டு நேராக மதுக்கடைக்குப் போவான். விட்ட நாளுக்கெல்லாம் வட்டியும் முதலுமாகக் குடிப்பான்.

கடைசியாக அப்படிக் குடித்துவிட்டு வந்து வாசலில் விழுந்து கிடந்தபோது, மகள் தேவிப்பிரியா அவனைத் தாண்டிக்கொண்டு காலேஜுக்குப் போனாள். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த வாரமே வசந்தா மகளோடு குத்தம்பாக்கத்தில் இருக்கும் தாய்வீட்டுக்குக் கிளம்பிவிட்டாள்.

"ஒரு வருசக் கயிறு கட்டு. வருசம் முடிஞ்சதும் கட்டின கயிறோட வந்து நில்லு. அப்புறம் வரேன்."

கட்டினான். குடிகாரன் பேச்சு விடிஞ்சா போச்சு என்று சொந்தக்காரர்கள் சிரித்தார்கள். கயிறு மட்டும் கையில் அழுக்கேறிக்கொண்டு இருந்தது.

பாதி வருடம்கூட ஆகவில்லை, கம்பெனிக்குப் பாதுகாப்பு மேற்பார்வைக்கென்று சுரேகா மேடம் புதிதாக வந்தார். பக்கத்துப் பட்டறையில் ஒருவனுடைய கைக்கயிறு ஓடுகிற மெஷினில் சுற்றிக்கொண்டு எலும்பை முறித்திருந்தது. மேடம் கத்திரிக்கோலோடு வரிசையாக வந்தார். காசிக் கயிறு, தர்கா கயிறு எல்லாம் விழுந்தன. ஏகாம்பரம் கையைப் பின்னால் மறைத்தான்.

"மேடம், இது வேற கயிறு."

"மெஷினுக்கு எல்லாம் ஒண்ணுதான் அண்ணா," என்றார் அவர். ஒரே வெட்டு.

பக்கத்து லேத்தில் நின்ற ஜெகதீஷ் வாயெல்லாம் பல்லாக வந்தான். கெடு முடிகிற நாளில் எல்லாம் கூடவே குடிக்கிறவன் அவன்.

"இன்னா மாமே, ஆத்தாளே உன்ன வுட்டுட்டா. நீயா அறுத்த? மேடம் அறுத்துச்சு. பாவம்லாம் மேடத்துக்குத்தான். சாய்ந்தரம் கடையாண்ட வந்துடு."

ஏகாம்பரத்துக்கு முதலில் வந்தது சந்தோஷம். நாக்கில் எச்சில்கூட ஊறியது. கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி இருந்தது. அப்புறம்தான், இத்தனை மாதம் குடிக்காமல் இருந்தவனுக்குள் இவ்வளவு சந்தோஷம் எங்கே பதுங்கியிருந்தது என்று பயந்து போனான்.

சாயங்காலம் கோயிலுக்கு ஓடினான். கதவு பூட்டிக் கிடந்தது. தெருக்கோடியில் கடை திறந்திருந்தது. அது எப்போதும் சரியான நேரத்துக்குத் திறந்துவிடும். கோயில் படியில் உட்கார்ந்து கையைப் பார்த்தான். கயிறு இருந்த இடத்தில் வெயில் படாத வெளுத்த கோடு. இத்தனை வருடமும் குடியை விட்டது யார்? கயிறு விட்டிருந்தது. அவன் கெடு முடியக் காத்திருந்தான், அவ்வளவுதான். அடக்க மாட்டாமல் அழுகை வந்தது.

வசந்தாவுக்குப் போன் செய்தான்.

"கயிற கம்பெனில அறுத்துட்டாங்க வசந்தா."

"குடிச்சிட்டியா?"

"இல்ல. கோயிலாண்ட குந்திகினு கீறேன்."

"வேற கட்டிக்கினு கூப்புடு. கயிறு இல்லாத உன் கைய நான் எப்டி நம்புறது?"

வைத்துவிட்டாள். அவளைக் குற்றம் சொல்ல அவனுக்கு வாயில்லை.

விளக்கேற்ற வந்த ஜம்புலிங்கம் அவனைப் பார்த்ததுமே தட்டிலிருந்து ஒரு கயிற்றை எடுத்தார். "எத்தினி மாசம் ஏகாம்பரம்?"

கையை நீட்டினான். இதைக் கட்டினால் வசந்தா நம்புவாள். கெடு முடிந்தால் வருவாள். ஆனால் கெடு முடிகிற அந்த நாள் அவனுக்குத் தெரியும், அதன் வாசனைகூடத் தெரியும். கையை இழுத்துக்கொண்டான்.

"குங்குமம் மட்டும் குடு பூசாரி."

"வசந்தாவுக்கு இன்னா சொல்லுவே?"

"நம்ப மாட்டா," என்றான். இது தைரியமா திமிரா என்று அவனுக்கே விளங்கவில்லை. நெற்றியில் குங்குமத்தோடு நடந்தான். வீட்டுக்கு வேறு வழி இல்லை, கடையைத் தாண்டித்தான் போக வேண்டும். ஜெகதீஷ் வெளியே வந்து தோளைப் பிடித்தான்.

"கையிலதான் ஒண்ணும் இல்லியே மாமே. வா."

"அதான் வரல," என்று தோளை விடுவித்துக்கொண்டு போனான்.

வீட்டில் பூட்டைத் திறந்து விளக்கைப் போட்டான். ஒரு ஆளுக்கு அரிசி களைந்தான். போனை எடுத்தான், கயிறு கட்டிக்கொண்டல்லவா கூப்பிடச் சொன்னாள். கீழே வைத்தான். அடுப்பெதிரே நிற்கையில் நாக்கு மறுபடி கேட்டது. பழக்கத்தில் இடது கை வலது மணிக்கட்டுக்குப் போய் முடிச்சைத் தேடியது. முடிச்சு இல்லை. அந்த வெறும் மணிக்கட்டையே இறுக்கிப் பிடித்துக்கொண்டு, சோறு வேகும்வரை அவன் அங்கேயே நின்றான்.