வேலையைச் சொல்லாத மாப்பிள்ளை

“...சர்க்கார்ல விஞ்ஞானிங்கறீங்க, அது வரைக்கும் சரிங்க. அங்க போயி என்ன பண்றீங்கன்னு கேட்டா வாயே தொறக்க மாட்டேங்கறீங்க. எதை நம்பி என்ற புள்ளையத் தர்றது?”

வடகரப்பதியில் என் தம்பிக்குப் பெண் பார்க்கப் போயிருந்தோம். கேட்டவர் பெண்ணின் அப்பா, தோப்புக்காரர். தம்பி இயற்பியல் படித்து, ராணுவத்துக்கான அரசு ஆய்வுக்கூடம் ஒன்றில் இருக்கிறான். வாசலிலேயே செல்போனை வாங்கி வைத்துக்கொள்ளும் இடம் அது. உள்ளே நடப்பதை எங்கள் அம்மாவிடம்கூட அவன் சொன்னதில்லை. அதனாலேயே முன்பு வந்த சம்பந்தங்கள் தட்டிப்போயின. இந்தப் பெண்ணை அவனுக்குப் பிடித்துவிட்டது. அவளுக்கும் அப்படித்தான் என்று அவள் சித்தி என் காதில் போட்டிருந்தார். ஆனால் பேச்சு முடிவாகாமல் பெண் வீட்டில் சாப்பிடுவது எங்கள் பக்கம் வழக்கமில்லை, அதனால் வெறும் தண்ணீரோடு உட்கார்ந்திருந்தோம்.

தோப்புக்காரர் குரலைத் தாழ்த்தினார். “எனக்கு மட்டும் சொல்லுங்க தம்பி. வெளிய போகாது.”

“மன்னிச்சுக்கோணுங்க. நாளைக்கு நீங்க மாமனாரே ஆனாலும் சொல்ல முடியாதுங்க.”

அவ்வளவுதான், கிளம்ப வேண்டியதுதான் என்று நான் கண்ணாலேயே செருப்பைத் தேடினேன்.

அவர் திண்ணையில் உட்கார்ந்திருந்த தன் மச்சான்கள் பக்கம் திரும்பினார். “கேட்டுக்குங்க மச்சான். இந்த ஊட்டுல பேசுறதெல்லாம் உங்களால டீக்கடைக்குப் போயிருது. வாய மூடத் தெரிஞ்சவரு ஒருத்தராச்சும் வரட்டும்.”

சொல்லிவிட்டு எழுந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அரிவாளோடு தோப்புக்குள் போனார். எங்கள் எல்லோருக்கும் வாழை இலை அறுத்துக்கொண்டு வந்தார்.