அத்தாவின் மாத்திரை

பெப்பர்மின்ட் வாங்கிய தகர டப்பா அது. என் உள்ளங்கைக்குள் அடங்கும். மூடியில் இருந்த ரோஜாப்பூ என் வியர்வை பட்டுப் பட்டே அழிந்துபோனது. உள்ளே பஞ்சு வைத்து, அதன்மேல் அத்தாவின் மாத்திரைகளை அம்மா அடுக்கியிருந்தாள். அத்தா எங்காவது கிளம்பினால் டப்பா என் கைக்கு வந்துவிடும். கூடவே பயமும் வந்துவிடும். எனக்கு அப்போது ஒன்பதோ பத்தோ வயது. நெஞ்சு வலித்தால் ஒரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், விழுங்க விடக் கூடாது என்று அம்மா எனக்குப் பாடமே நடத்தியிருந்தாள். "அத்தாவ விட்டுக் கண்ண எடுக்காத, கேட்டியா? நெஞ்சுல கை வெச்சாருன்னா உடனே குடுத்துறணும்" என்பாள். வாசல்வரை வந்து மறுபடியும் அதையே சொல்வாள்.

அறுபதுகளின் தொடக்கம் அது. பாலக்காட்டுப் பக்கமிருந்து கொச்சியின் மட்டாஞ்சேரிக்குப் பிழைக்க வந்த ராவுத்தர் குடும்பம் நாங்கள். வெளியே மலையாளம், வீட்டுக்குள் தமிழ். அப்பாவை அத்தா என்போம். அத்தா பஜாரில் மிளகுத் தரகர். ஒரு நாள் கிட்டங்கியில் வியர்த்துக் கொட்டி, சாக்கு மூட்டைமேல் சாய்ந்துவிட்டார். இதயம் பலவீனம் என்றார் டாக்டர். மாடிப்படி ஏறக் கூடாது, கத்தக் கூடாது, எதற்கும் உணர்ச்சிவசப்படக் கூடாது என்றார். அத்தா எதற்காகவெல்லாம் உயிரோடு இருந்தாரோ அத்தனையையும் தடுத்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

ஏனென்றால் அத்தாவுக்குப் பிடிக்காதது என்று ஊரில் எதுவுமே கிடையாது. குஜராத்திக்காரர்கள் மொட்டை மாடியில் பட்டம் விட்டால் நூலைப் பிடிக்க இவர் நிற்பார். கொங்கணிக்காரர் கோயில் திருவிழாவில் வாணவேடிக்கை என்றால் எதிர்ச்சாரிக் கடை வாசலில் முதலிடம் இவருக்குத்தான். கிட்டங்கி மாடியில் கூடும் பாட்டு கிளப், கோட்டைக் கொச்சி மைதானத்துப் பந்தாட்டம், சினிமா, சதுரங்கம் எல்லாம் வேண்டும். ஆட்கள் அவரைக் கேலி செய்வார்கள். அதையும் ரசிப்பார். டாக்டர் 'கூடாது' என்று சொன்னதை 'மெதுவாகப் போ' என்று சொன்னதாக எடுத்துக்கொண்டார். தடுத்துப் பார்த்துத் தோற்றுப்போன அம்மா, என்னைத் துணைக்கு அனுப்பத் தொடங்கினாள்.

இதில் ஒரு பெரிய தொல்லை இருந்தது. எதையாவது மிகவும் ரசித்துவிட்டால் அத்தா வலது கையை நெஞ்சில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். பிறந்ததிலிருந்தே அப்படித்தானாம். நெஞ்சுவலிக்கு அடையாளம் என்று அம்மா சொல்லித் தந்ததும் அதே கைதான். எது வலி, எது சந்தோஷம் என்று எனக்கு எப்படித் தெரியும்? மற்றவர்கள் பாட்டைப் பார்த்தார்கள், பந்தைப் பார்த்தார்கள். நான் அத்தாவின் கையை மட்டுமே பார்த்தேன்.

ஒரு முறை பாட்டு கிளப்பில் அது நடந்தேவிட்டது. மரப்படியின் நடுவில் நின்று மூச்சு வாங்கித்தான் அத்தா மேலே ஏறியிருந்தார். அதிலேயே என் பாதி உயிர் போயிருந்தது. ஆர்மோனியக்காரர் ஒரு வரியைத் திரும்பத் திரும்பச் சுழற்றிப் பாடி, தபலாவோடு ஒரே இடத்தில் வந்து இறங்கினார். அத்தாவின் கை நெஞ்சுக்குப் போனது. கண் மூடியது. பாராட்ட வாய் திறந்தார். நான் பாய்ந்து மாத்திரையை நாக்குக்கு அடியில் திணித்துவிட்டேன். பாட்டு நின்றது. எல்லாரும் எங்களையே பார்த்தார்கள். நான் ஓவென்று அழுதேன். "பேடிக்காத மோளே, பயப்படாத, இது நோவு இல்ல, சுகம்" என்று அத்தா குழறினார். பெண்பிள்ளை மனசு நோகக் கூடாதென்று அதைத் துப்பவும் இல்லை. அன்றைக்கு முழுவதும் அந்த மாத்திரை தந்த தலைவலியால் தவித்தார்.

கும்பளங்கியில் சவிட்டு நாடக ஒத்திகை பார்க்க ஒரு முறை வள்ளத்தில் போனோம். ராஜா வேஷம் கட்டிய கிறிஸ்தவர்கள் பலகை மேடையை ஓங்கி ஓங்கி மிதித்து ஆடும் நாடகம் அது. பாட்டெல்லாம் பழைய தமிழ். "நம்ம தமிழு, கேட்டியா?" என்று அத்தா பூரித்துப்போனார். எனக்குத் தமிழ் காதில் விழவில்லை. மேடை அதிர அதிர, அத்தாவின் நெஞ்சும் உள்ளே இப்படித்தான் அடித்துக்கொள்ளும், இந்த மிதியில் நின்றுவிடும், அடுத்த மிதியில் நின்றுவிடும் என்று டப்பாவை இறுக்கிக்கொண்டிருந்தேன். நின்றுவிட்டால் இவரை எப்படி வள்ளத்தில் ஏற்றுவேன், அம்மாவிடம் என்ன சொல்வேன் என்றெல்லாம் மனம் ஓடியது.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். போய்ப் பார்த்தது அத்தனையையும் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னால்தான் அத்தாவுக்கு அது முடிந்த மாதிரி. அடுக்களையில் பலகையைப் போட்டு உட்கார்ந்து, பாடிக் காட்டி, மிதித்துக் காட்டிச் சொல்வார். அம்மா அரைத்துக்கொண்டே கேட்பாள். சிரிப்பாள். நடுநடுவே அம்மிக்குழவியை நிறுத்தி இடது தோளைப் பிடித்துவிட்டுக்கொள்வாள். "கை கடுக்குது. வாயுவா இருக்கும்" என்று சுக்குத் தண்ணி குடிப்பாள். அம்மி அரைக்கிற கை வலிக்காமல் என்ன செய்யும் என்று நாங்களும் விட்டுவிட்டோம். அம்மா நெஞ்சில் கை வைத்து நான் பார்த்ததே இல்லை.

அந்தச் சாயங்காலம் நாங்கள் மைதானத்தில் இருந்தோம். எங்கள் ஆட்கள் கோல் போட்டார்கள். அத்தாவின் கை நெஞ்சுக்குப் போனது, நான் டப்பாவைத் திறக்கப் போனேன், அவர் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டினார். அப்போதுதான் பக்கத்து வீட்டுச் சேட்டன் கூட்டத்துக்குள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். "இக்கா, வேகம் வா. இத்தாவுக்குச் சுகமில்ல" என்றார். அம்மாவை அவர் இத்தா என்றுதான் கூப்பிடுவார். அத்தா ஓடினார். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று கத்திக்கொண்டே நான் பின்னால் ஓடினேன். அப்போதும் எனக்கு அத்தாவைப் பற்றித்தான் பயம்.

அம்மா அடுக்களையிலேயே பாயில் படுத்திருந்தாள். முகமெல்லாம் வியர்வை. டாக்டருக்கு ஆள் போயிருந்தது. அத்தாவைப் பார்த்ததும், "ஜெயிச்சாங்களா?" என்று கேட்டாள். அத்தா பக்கத்தில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார். யார் பந்தை எடுத்தது, யார் தட்டிக் கொடுத்தது என்று ஒன்று விடாமல் சொன்னார். எனக்கு அம்மாவின் வியர்வையைப் பார்த்ததும் கிட்டங்கியில் அத்தா சாய்ந்த கதை ஞாபகம் வந்துவிட்டது. டப்பாவைத் திறந்து ஒரு மாத்திரையை எடுத்தேன். அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அது அத்தாக்குள்ளது. அத எடுக்காத" என்றாள். மாத்திரையை டப்பாவுக்குள் போடவைத்து, என் விரல்களை அதன்மேல் அவளே மடக்கி மூடினாள். ஆட்டத்தின் கதை முடியவில்லை. டாக்டர் வருவதற்குள் அம்மா போய்விட்டாள்.

அந்த மாத்திரை கொடுத்திருந்தால் அம்மா பிழைத்திருப்பாளா என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்டதில்லை. பதில் எதுவாக இருந்தாலும் எனக்குத் தாங்காது. அத்தா அதற்குப் பிறகு நெடுங்காலம் இருந்தார். ஒரு வருடம் வீட்டைவிட்டு எங்கும் போகவில்லை. நெஞ்சுக்கு எந்தக் கேடும் இல்லாத அந்த ஒரு வருடத்தில்தான் அவரைப் பார்க்க எனக்கு மிகவும் பயமாக இருந்தது. கடைசியில் நானே அவர் கையைப் பிடித்துப் பாட்டு கிளப்பின் படியேற்றினேன். திரும்பி வந்ததும் அடுக்களைப் பலகையில் உட்கார்ந்தார். அம்மா இருந்த இடத்தில் நான் உட்கார்ந்துகொண்டேன். என்னோடுகூடவே வந்து கேட்ட பாட்டை எனக்கே சொல்லத் தொடங்கினார்.

இப்போது எனக்கே இதயத்தில் கோளாறு. கச்சேரிக்கும் போகிறேன், சினிமாவுக்கும் போகிறேன். அத்தாவின் கை எனக்கும் வந்திருக்கிறது. பாட்டு நன்றாக அமைந்தால் நெஞ்சை நோக்கிப் போகிறது. பக்கத்தில் மகளின் முகம் வெளுப்பதைப் பார்த்துப் பாதியில் இறக்கிக்கொள்கிறேன். பழைய டப்பாவின் மூடி துருவேறி இறுகிவிட்டது. ஆனாலும் அதைத் தூக்கிப் போடவில்லை. மாத்திரை வாங்கும்போது எப்போதும் இரண்டு பங்காக வாங்குகிறேன். ஒன்று என் கைப்பையில் இருக்கும். இன்னொன்றை, வெளியே கிளம்பும் முன், வீட்டில் இருப்பவரைக் கூப்பிட்டுக் காட்டி அடுக்களை அலமாரியில் வைத்துவிட்டுத்தான் செருப்பு மாட்டுகிறேன்.