சின்ன டீச்சரைப் பற்றி நான் எழுதிய அறிக்கை

அவளை எல்லாரும் சின்ன டீச்சர் என்பார்கள். வயது முப்பத்தாறு. பள்ளிக்கூடத்தில் அவளை விட்டால் தமிழுக்கு நான் ஒருத்திதான் என்பதால், நான் தானாகவே பெரிய டீச்சர் ஆகிப்போனேன். பத்தொன்பது வருடம் அணியிலக்கணம் நடத்தியவளுக்கு இப்படி ஒரு பட்டம். அவள் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை.

அதற்கு முன் ஒரு கூரியர் கம்பெனியின் புகார் கவுண்டரில் பதினோரு வருடம் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நாளெல்லாம் திட்டு வாங்குகிற வேலை. தபால் வழியில் தமிழ் படித்துப் பட்டம் வாங்கியதும் அங்கே இருந்துகொண்டேதான். "ஆயிரம் தடவை போன் பண்ணிட்டேன்" என்று ஒருவர் கத்துவார். கணினியில் பார்த்தால் நாலு அழைப்பு இருக்கும். "என் பார்சலை முழுங்கிட்டீங்களா" என்பார் இன்னொருவர். பார்சல் கிடங்கில் பத்திரமாக இருக்கும். சொன்னது எது, நடந்தது எது, மனசில் இருப்பது எது என்று பிரித்துப் பார்த்துப் பழகிவிட்டாள். வகுப்பிலும் அதையே செய்தாள். பழைய புகார் ஒன்றைப் பலகையில் எழுதி, பிள்ளைகளைப் பிரிக்கச் சொல்வாள். எல்லாம் முடிந்த பிறகுதான் இதற்குப் பெயர் உயர்வு நவிற்சி என்பாள்.

நான் பெயரை முதலில் சொல்பவள். உவமை, உவமேயம், உவம உருபு, அப்புறம் எடுத்துக்காட்டு. என் நோட்ஸை அப்படியே எழுதினால் முழு மதிப்பெண். பிள்ளைகள் எழுதினார்கள், வாங்கினார்கள், மறந்தார்கள். இதில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை, என் மகள் அவள் வகுப்பில் போய் உட்காரும்வரை.

மகள் ஒன்பதாவது படிக்கிறாள். நான் வீட்டில் உருவகம் சொல்லிக்கொடுத்தபோது மேஜைமேல் தலைவைத்துத் தூங்கியவள். இப்போது சமையலறை வாசலில் நின்று என்னைத் திருத்துகிறாள்.

"உன் ரூம் குப்பைத்தொட்டி" என்றேன் ஒரு நாள்.

"உருவகம்மா. குப்பைத்தொட்டி மாதிரி இருக்குன்னா உவமை."

"நூறு தடவை சொல்லிட்டேன், எடுத்து வை."

"ரெண்டு தடவைதான் சொன்னீங்க. கோவம் ஏற ஏற எண்ணிக்கையும் ஏறும்னு சின்ன டீச்சர் சொல்லியிருக்காங்க."

எனக்கு வயிறு எரிந்தது. ஆறாவதிலிருந்து இவளிடம் நான் மாரடித்த பாடம் இது. யாரோ ஒருத்தி வந்து எட்டே மாதத்தில் தட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அந்தச் சமயம் பார்த்துத் தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டார். "அவங்களோட தற்காலிக வேலை இந்த மாசத்தோட முடியுது டீச்சர். ஒரு வகுப்பு போய்ப் பாத்துட்டு எழுதிக் குடுங்க. நிரந்தரம் பண்றதா, அனுப்பிடறதான்னு அதை வெச்சுதான் முடிவு. நிரந்தரம்னா அடுத்த வருஷம் பத்தாவது அவங்களுக்கு."

பத்தாவது என் வகுப்பு. அடுத்த வருடம் என் மகள் வரவேண்டிய வகுப்பு.

எதற்கென்று பிள்ளைகளிடம் சொல்லாமல் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அன்றைய புகார், 'உங்க ஆபீஸ் படிக்கட்டுக்கே என்னைத் தெரியும்.' ஆளாளுக்குக் கத்தினார்கள். என் மகள் எழுந்தாள்.

"அவர் நிறைய தடவை வந்திருக்கார் டீச்சர். ஆனா மனுஷங்க யாரும் அவரை ஞாபகம் வெச்சுக்கல. அதான் படிக்கட்டைச் சொல்றார்."

ஒரு கணம் எனக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த கணமே, அந்தப் பதிலை அவள் யார் முகத்தைப் பார்த்துச் சொன்னாள் என்பது உறைத்தது.

ஆசிரியர் அறைக்கு வந்ததும் வராததுமாக எழுதினேன். 'வகுப்பு சந்தைக்கடையாக இருந்தது. பாடத்திட்டம் காற்றில் பறந்தது. மாணவர்கள் ஆசிரியையின் தலைமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள். இலக்கணம் கண்ணீர் வடிக்கிறது.' படித்துப் பார்க்க எனக்கே ருசியாக இருந்தது.

யாரைப் பற்றி எழுதுகிறோமோ அவர் படித்துக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது எங்கள் பள்ளி வழக்கம். சண்டைக்குத் தயாராகத்தான் நீட்டினேன். அவள் இரண்டு முறை படித்தாள்.

"பேனா குடுங்கக்கா" என்று வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டியா?"

"இதுல நடந்தது ஒண்ணுமே இல்லையேக்கா. என்ன சொல்ல." பேனாவை மூடித் திருப்பிக் கொடுத்தாள். "ஆனா கவுண்டர்ல இந்த அளவுக்கு எழுதிக் குடுக்கறவங்க சும்மா எழுத மாட்டாங்க. அவங்களுக்கு நிஜமாவே ஏதோ தொலைஞ்சிருக்கும்."

என்ன தொலைந்தது என்று அவள் கேட்கவில்லை. மணி அடித்தது, வகுப்புக்குப் போய்விட்டாள்.

திரும்ப எடுத்துப் பார்த்தேன். நாலு வாக்கியம். நாலுக்கும் அணியின் பெயர் எனக்குத் தெரியும். ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தால் 'செய்தி எங்கே?' என்று சிவப்பு மையில் கேட்டிருப்பேன். வெட்கமாக இருந்தது. அதையும் அவள்தான் கண்டுபிடித்தாள் என்பதில் ஆத்திரம் வேறு.

கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுத்தேன். 'மாணவர்கள் முப்பத்தெட்டு பேர். கை தூக்கியவர்கள் முப்பத்தொரு பேர். மிகச் சிறந்த பதிலைச் சொன்ன மாணவி என் மகள். இதே பாடத்தை நான் அவளுக்கு மூன்று வருடம் நடத்தினேன். என்னிடம் அவள் ஒருமுறைகூடக் கேள்வி கேட்டதில்லை.' எழுத எழுத வாயெல்லாம் கசந்தது.

அதிலும் அவளிடம் கையெழுத்து வாங்கிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தலைமையாசிரியை படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். "கடைசி ரெண்டு வரி வேணுமா டீச்சர்?"

"இருக்கட்டும் மேடம். நடந்ததுதான்."

சின்ன டீச்சருக்கு வேலை நிரந்தரமானது. பத்தாவதும் அவளுக்கே போயிற்று. மகள் மூச்சிரைக்க ஓடிவந்து எனக்குச் செய்தி சொன்னாள். "யாரோ அவங்களைப் பத்தி நல்லா எழுதிக் குடுத்திருக்காங்கம்மா. யாருன்னுதான் தெரியல."

நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். நான்தான் என்று சொல்லியிருந்தால் அங்கேயே என்னைக் கட்டிக்கொண்டிருப்பாள். அதுவும் சின்ன டீச்சருக்காகத்தான் இருந்திருக்கும்.